உன் தம்பியின் சபைக்கு ஆயர் கையெழுத்திட்டார்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆண்டவர் தயவில் நன்றாக இருக்கிறோம். நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், ஆனாலும் அதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் அம்மாவுக்கு நம்பிக்கை வருகிறது. அவளுடைய முழங்கால் வலி இப்போது தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். இந்தச் சேதியையும் போனில் சொல்லிவிடலாமே என்றாள். நீ அடுப்பைக் கிளறிக்கொண்டே கேட்பாய், பாதியில் என் பேத்தி போனைப் பிடுங்கிக்கொள்வாள், அதனால் வேண்டாம் என்றேன். இது நீ உட்கார்ந்து படிக்க வேண்டிய சேதி.

உன் தம்பி தொடங்கின துறவற சபைக்கு ஆயர் கையெழுத்திட்டுவிட்டார். போன சனிக்கிழமை அவனும் மற்ற நால்வரும் துறவிகளாக வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். எப்படி நடந்தது என்பதை முதலிலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் நானும் அவனும் பேசாமல் இருந்த காலத்தில் நீ இரண்டு பக்கமும் போன் போட்டு அலுத்துப்போனவள். ஏ.சி. மெக்கானிக் வேலையில் நன்றாக இருந்தவன், பேருந்து நிலையத்தின் பின்னால் காலில் புழு வைத்துக் கிடந்த ஓர் ஆளைத் தன் அறைக்குத் தூக்கி வந்தான், வீட்டுக்காரர் இரண்டு பேரையும் சேர்த்து வெளியே தள்ளினார், அங்கிருந்து மூடிக் கிடந்த அந்த ஐஸ் கம்பெனிக்குப் போனான், அதுவரை உனக்குத் தெரியும். அப்புறம் ஒரு முடிதிருத்துபவர், ஒரு லாரி ஓட்டுநர், ஒரு கணக்கு வாத்தியார், ஓட்டல் சமையல்காரர் ஒருவர் என்று ஒவ்வொருவராக வந்து ஒட்டிக்கொண்டார்கள். இன்றைக்கு அங்கே நாற்பத்திரண்டு கட்டில். எல்லாம் யாரும் தேடி வராத ஆட்கள். எனக்கு அப்போது இருந்த கோபம் உனக்குத் தெரியும். துறவறம்தான் வேண்டுமென்றால் ஒழுங்காகப் படித்துச் சாமியாராகப் போ, நாலு பேரிடம் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம், இது என்ன இரண்டுங்கெட்டான் பிழைப்பு என்று வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டேன். பதினாலு மாதம் அவன் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

பயிற்சி வருடத்தை எல்லாம் முடித்துவிட்டார்கள், சபையின் ஒழுங்கு நூல்தான் தகராறாக இருந்தது. ஆயர் இல்லத்திலிருந்து இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள், படித்தால் புரியவில்லையாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கசங்கின தாள் கட்டோடு வந்து நின்றான். “அப்பா, எங்களுக்கு வேலை செய்யத்தான் தெரியுது, எழுதத் தெரியல”ன்னான். நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் தட்டச்சு அடித்த கை எனக்கு, தப்பும் தவறுமான தாளைப் பார்த்தால் சும்மா இருக்காதே. கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டு வாங்கி உட்கார்ந்தேன். ஒன்பது நாள் ஆனது. யார் எப்போது எழுந்திருப்பது, புதிதாக வருகிறவரின் தலையில் யார் பேன் எடுப்பது, படுக்கையிலேயே மலஜலம் போய்விட்டவரின் துணியை யார் அலசுவது, செத்துப்போனவரின் பக்கத்தில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பது, எல்லாம் அதில் இருந்தது மகளே. அடிக்க அடிக்க என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆறாவது நாள் அம்மா காபி கொண்டுவந்தபோது என் கண்ணாடி நனைந்திருந்தது, தூசி என்றேன், அவள் நம்பவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு நானும் அவனோடு ஆயர் இல்லத்துக்குப் போனேன், ஏதாவது திருத்தம் சொன்னால் குறித்துக்கொள்ள ஆள் வேண்டுமே. ஆயரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய செயலர் சாமியார் நாலாவது விதியில் பேனாவை ஊன்றினார். சபையில் எவரும் குருப்பட்டம் பெறுவதில்லை என்பது அந்த விதி. தலைமைக்கு ஒருவராவது குருவாக இருக்க வேண்டாமா, இதை எடுத்துவிட்டால் இன்றைக்கே முடித்துவிடலாம் என்றார். ஒரு வரிதானே, விட்டுக்கொடுத்துவிடேன் என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் குரலை உயர்த்தவில்லை. “சாமி, எங்கள்ல ஒருத்தர் பூசை வைக்கிறவர் ஆயிட்டா, மத்த நாலு பேரும் பேன் எடுக்கிறவங்க ஆயிடுவோம். எங்களுக்கு எல்லாருமே பேன் எடுக்கணும்”ன்னான். அப்போது ஆயர் என் பக்கம் திரும்பி, நீங்கள் இவருடைய தகப்பனாராமே, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார். சாமியாராகப் போயிருக்கலாமே என்று அவனை வாசலில் நிற்க வைத்தவன் நான்தான், அவனும் அதை மறந்திருக்க மாட்டான், தலையைக் குனிந்துகொண்டான். நான் எழுந்து நின்று ஆயரைப் பார்த்து, “ஆண்டவரே, நானும் ஒரு காலத்துல இவரு சொன்னதைத்தான் சொன்னேன். சொன்னது தப்பு. அந்த வரியை டைப் அடிச்சவன் நான், அதுல ஓர் எழுத்தைக்கூட நான் எடுக்க மாட்டேன்”னேன். ஆயர் சிரித்துவிட்டார். தகப்பனாரும் மகனும் ஒரே பிடிவாதம் என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கினார். வெளியே வந்ததும் உன் தம்பி என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தான், நடந்த நடையில் பேருந்தை விட்டுவிட்டோம்.

சனிக்கிழமை திருப்பலி ஐஸ் கம்பெனியிலேயே கட்டில்களுக்கு நடுவில் நடந்தது. ஐந்து பேரும் ஆயர் முன்னால் மண்டியிட்டபோது கட்டிலில் இருந்த ஒருவர், எங்க தம்பிங்களை ஏன் முட்டி போட வெச்சிருக்கீங்க என்று சத்தம் போட்டுவிட்டார், ஆயரே பூசையை நிறுத்திவிட்டு அவருக்கு விளக்கம் சொன்னார். அம்மா அழுது மூக்கெல்லாம் சிவந்துபோனாள். பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள், இவனைக் காணோம். வாழ்த்தலாம் என்று தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். புது அங்கியை இடுப்புவரை தூக்கிச் செருகிக்கொண்டு, அப்போதுதான் யாரோ வாசலில் விட்டுப்போன ஒரு மனிதரின் கால் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான். அவர் வலியில் உதறிக்கொண்டிருந்தார். இவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அப்பா, அந்தக் காலைக் கொஞ்சம் பிடிங்க”ன்னான். நல்ல சட்டை போட்டிருந்தேன் மகளே. கீழே உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன்.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் என் பேத்தியையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. உன் தம்பிக்கு விலையுயர்ந்த ஸ்வெட்டர் எதுவும் அனுப்பாதே, அன்றைக்கே யாராவது ஒருவர் அதைப் போட்டுக்கொண்டிருப்பார், அனுப்புவதானால் நாற்பத்திரண்டு ஜோடி காலுறையாக அனுப்பு. இல்லை, நாற்பத்து மூன்று.

என்றும் உன் நலமே வேண்டும்,
அப்பா