பார்க்காததும் மறந்ததும்

1631 ஏப்ரல் 2

ப்ளாசம் இன்று காலை கன்று போட்டது. கிடாரி. அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மனிதர்களைவிட மாட்டுக்குக் காரியம் சுத்தம்.

அவருக்கு இருமல் குறையவில்லை. மத்தியானம் பாதிரியாரை வரவழைத்து உயில் எழுதினார். நான் கால்மாட்டில் நின்று கேட்டேன். முதலில் ஆத்துமாவைக் கடவுளுக்கு எழுதி வைத்தார். வேறு யார் அதை வாங்கிக்கொள்ளப் போகிறார்கள்? அடுத்து, உடம்பு கல்லறைத் தோட்டத்துக்கு. வீடும் நிலமும் மூத்தாள் மகன் கில்பர்ட்டுக்கு. உயிலை நிறைவேற்றுகிறவனும் அந்த மகாராஜனே.

எனக்கு: சமையலறைக்கு மேலே இருக்கிற அறை, நான் படுக்கிற கட்டில், இரண்டு மரத்து ஆப்பிள், அடுப்பங்கரைக்கு வரப்போக உரிமை. அதுவும் நான் மறுகல்யாணம் செய்துகொள்ளாதவரை. பத்தொன்பது வருஷம் அந்த அடுப்பை மூட்டியது நான். இனிமேல் அதன் பக்கம் போக எனக்கு எழுத்து வேண்டுமாம்.

கடைசியில் ஒரு விநோதம். அவர் செத்தபின் அக்கம்பக்கத்து மதிப்புக்காரர்கள் வந்து சாமானுக்கு விலை மதித்துப் பட்டியல் போடுவார்கள் அல்லவா, அதில் எழுதப்படுகிற சாமானும் கால்நடையும் கில்பர்ட்டுக்கு. எழுதாமல் விட்டது எதுவோ அது என் மனைவி அவிசுக்கு. இப்படிச் சொன்னார். பாதிரியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எழுதாம விடறதுக்கு என்ன இருக்கும் ஆம்ப்ரோஸ்? எலிப்பொறியும் ஓட்டைப் பானையுந்தான்."

"அப்படியே எழுதுங்க ஐயா."

பாதிரியார் போனதும் கேட்டேன். வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியாது. என் அப்பா கொடுத்த ஒரு கிடாரியை ஓட்டிக்கொண்டுதான் இந்த வீட்டுக்குள் வந்தேன். கொட்டகையில் நிற்கிற ஆறு பசுவும் அதன் வம்சம். கல்யாணத்தோடு எல்லாம் புருஷன் சொத்து என்பது சட்டம்; சரி. அந்தப் பசுக்கள் இருந்தால் பாலாடைக்கட்டி போட்டு யார் கையையும் எதிர்பாராமல் பிழைத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் கில்பர்ட் வீட்டு மாடியில் நான் ஒரு ஒண்டுக்குடி. இதைத்தான் சொன்னேன்.

"மாட்டை என் பேருக்கு எழுதினா குறைஞ்சா போயிடும்?"

"பேர் சொல்லி எழுதினா அவன் கோர்ட்டுக்கு இழுப்பான். சும்மா இரு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எலிப்பொறி! எனக்கு எலிப்பொறி! பத்தொன்பது வருஷத்துக்கு!

ஏப்ரல் 5

கஞ்சி வேண்டாமாம். பீர் வேண்டுமாம். கொடுத்தேன்.

ஏப்ரல் 8

கில்பர்ட்டின் மனைவி தாமசின் மாமனாரைப் பார்க்க வந்தாள். மாமனாரை ஒருதரம் பார்த்தாள். கட்டில் திரைச்சீலையைப் பத்துதரம் பார்த்தாள்.

"மாமா முகத்துல ரத்தமே இல்லையே அத்தை" என்று கண்ணைக் கசக்கினாள். கசக்கின கையாலேயே சீலையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

"அரிச்சிருக்கு. ரெண்டு இடத்துல" என்றேன். உண்மையில் ஒரு இடத்தில்தான்.

ஏப்ரல் 12

நேற்று விடிந்ததும் போய்விட்டார். இருமல் நின்றது, அதைக் கேட்டுத்தான் எழுந்து பார்த்தேன்.

இன்று அடக்கம். மழை. வேறு எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 13

ஈரத் துணிகூட இன்னும் காயவில்லை. கோழி கூவும்போதே கில்பர்ட் கொட்டகையில் நிற்கிறான். பெண்குதிரையையும் பசுக்களில் நல்ல நான்கையும் அவிழ்த்து ஓட்டுகிறான், ப்ளாசம் அதன் கன்றோடு. குன்றுக்கு அப்பால் அவன் மச்சான் காட்டு மேய்ச்சல் வைத்திருக்கிறான். அங்கேதான்.

எதற்கு என்று கேட்க வேண்டுமா? பிரபுவின் நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருப்பவன் செத்தால் வீட்டிலுள்ள சிறந்த உருப்படி ஒன்று பிரபுவுக்கு. அவருடைய மணியக்காரர் வந்து பிடித்துக்கொண்டு போவார். குதிரையைப் பார்த்தால் குதிரை, ப்ளாசத்தைப் பார்த்தால் ப்ளாசம். பார்க்காவிட்டால்?

"மேய்ச்சல் மாத்தறேன் சித்தி. வேற ஒண்ணுமில்ல."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேக்காம இருக்கறதுதான் நல்லது."

அப்பன் குழியில் மண் இறுகவில்லை, அதற்குள் திருட்டு. கொட்டகையில் இப்போது நிற்பவை வற்றிப்போன செர்ரியும் ஒற்றைக்கண் பசுவும். ஆறு மாடு கட்டின இடத்தில் இரண்டு. காலியான நான்கு முளைகளையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாடுகள் எப்படியும் அவனுக்குத்தான் என்றாலும்.

ஏப்ரல் 18

மதிப்புக்காரர்கள் வந்தார்கள். மூன்று பேர். ஹம்ப்ரி, அவருடைய தம்பி, எழுதத் தெரிந்த தையற்காரன். என் பீரை முழு ஜாடி குடித்துவிட்டுத்தான் பேனாவையே எடுத்தார்கள்.

வழக்கம்போல முதலில் செத்தவரின் பணப்பையும் உடுப்பும். அவருடைய கால்சட்டையை ஹம்ப்ரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை எண்ணினார். பிறகு அறை அறையாகப் போனார்கள். பித்தளைச் சட்டி, மூன்று. தகரத் தட்டு, எட்டு. மூத்திரச் சட்டி, ஒன்று — அதை வைத்து மூன்று ஆண்பிள்ளைகள் பித்தளையா தகரமா என்று விவாதம். என் கல்யாண கவுனை "பழைய துணி" என்று எழுதினான் தையற்காரன். அதைத் தைத்தவனே அவன்தான்! முற்றத்துக் குப்பைமேட்டுக்குப் பன்னிரண்டு ஷில்லிங். பைபிளுக்கு நாலு. இந்த ஊரில் எதற்கு என்ன மரியாதை என்று பிற்காலத்தில் யாராவது தெரிந்துகொள்ள விரும்பினால் இந்தப் பட்டியலைப் படிக்கட்டும்.

பிறகு கொட்டகைக்குப் போனார்கள். ஆம்ப்ரோஸ் ஹெலியருக்கு ஆறு பசு என்று இந்த ஊரில் தெரியாத குழந்தை கிடையாது. ஹம்ப்ரி தன் பூட்ஸைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தான். "பசு ரெண்டு" என்று எழுதினார்கள். அவர்கள் வீட்டிலும் ஒருநாள் சாவு வருமே.

இன்னொன்று. எல்லாம் முடிந்து, எல்லாப் பட்டியலிலும் கடைசியில் போடுகிற வரியைப் போடப் போனான் தையற்காரன்: "இன்னும் பார்க்காத, மறந்துபோன சாமான்கள்". கில்பர்ட் பாய்ந்து கையைப் பிடித்தான்.

"அது வேண்டாம்."

"எப்பவும் போடறதுதானேப்பா."

"போடாதேன்னா போடாதே. மறந்ததுன்னு எழுதினா, என்னத்தடா மறந்தேன்னு அந்த மணியக்காரன் கேப்பான்."

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

சாயங்காலம் மணியக்காரர் வந்தார். பட்டியலைப் படித்தார், கொட்டகையைப் பார்த்தார், கில்பர்ட்டின் முகத்தைப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். இருக்கிறதில் நல்லது என்று செர்ரியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனார். அது வாசலில் நின்று இருமியது.

என் பங்கைத் தேடினேன். எலிப்பொறியைக்கூட எழுதிவிட்டார்கள். விட்டது பூனை மட்டும். பூனை எனக்கு. நன்றி, ஆம்ப்ரோஸ் ஹெலியர்.

மே 5

கில்பர்ட் நகரத்துக்குப் போய்த் திருச்சபை நீதிமன்றத்தில் உயிலையும் பட்டியலையும் ஒப்புவித்து வந்தான். இது முழுமையான, உண்மையான பட்டியல், ஒன்றும் விடவில்லை என்று பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தானாம். வரும்போது புதுத் தொப்பி.

மே 6

கில்பர்ட்டோடு இங்கே குடிவந்துவிட்ட தாமசின் அடுப்பு முன்னால் பெஞ்சைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கஞ்சி சூடு பண்ண வந்த நான் ஒதுங்கிச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. கொஞ்சம் உட்கார்ந்து குளிர் காயலாம் என்று பார்த்தேன்.

"வரப்போகத்தானே அத்தை எழுதியிருக்கு? உக்காரன்னு எழுதலையே."

படிக்கத் தெரியாதவளுக்கு உயில் மட்டும் மனப்பாடம். மாடிக்கு வந்துவிட்டேன். அழவில்லை. அழுதேன். மேலே குளிர், கீழே அவள். அந்த மனுஷன் என்னை இப்படி விட்டுட்டுப் போகலாமா? ஆறு மாடு! ஆறே ஆறு மாடு எழுத அவர் கைக்கு என்ன வந்தது?

மே 9

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் மாட்டுச் சத்தம் கேட்டது. ப்ளாசத்தின் குரல் எனக்குத் தெரியும். சன்னலில் பார்த்தேன். கில்பர்ட் நான்கையும் கன்றையும் குதிரையையும் ஓட்டி வருகிறான். மணியக்காரர் போயாகிவிட்டது, சத்தியம் செய்தாகிவிட்டது, இனி என்ன பயம் என்று. நன்றாகக் கொழுத்திருந்தன. அவனுக்கு எப்படியெல்லாம் வாழ்வு வருகிறது பார், பட்டியலில் இல்லாத மாட்டைக்கூட —

பட்டியலில் இல்லாத மாடு.

பெட்டியைத் திறந்து, பாதிரியார் எழுதிக் கொடுத்திருந்த உயில் நகலை எடுத்து, விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். "எழுதாமல் விட்டது எதுவோ அது." அப்புறம் படியிறங்கினேன். முற்றத்தில் ஹம்ப்ரி நின்று குதிரையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நல்லதாயிற்று, சாட்சி.

"கில்பர்ட், இதெல்லாம் யார் மாடு?"

"என்ன கேள்வி சித்தி இது? நம்ம மாடு."

"பட்டியல்ல இருக்கா?"

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

"பட்டியல்ல எழுதினது உனக்கு. எழுதாதது எனக்கு. உங்கப்பா கையெழுத்து. ஒண்ணும் விடலைன்னு சத்தியம் பண்ணினது நீ."

"நான் மறந்துட்டேன்னு சொல்லி இப்ப எழுதிக்குவேன்!"

"எழுதிக்கோ. ஆனா நேரா மணியக்காரர்கிட்ட போவோம் வா, நானும் வரேன். எங்க மறந்து வெச்சேன்னு அவர் கேப்பார். அன்னிக்கு மறந்ததுன்னு ஒரு வரி போட வந்தாங்க, நீதான் கையைப் பிடிச்சே. ஏன்னும் கேப்பார்."

"நான் அங்கதான் இருந்தேன்" என்றார் ஹம்ப்ரி, குதிரையைப் பார்த்தபடியே.

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி நிற்பான் என்று இன்று பார்த்தேன். புதுத் தொப்பியோடு நின்றான்.

மே 10

குதிரையை நானே கயிறு பிடித்துக் கொண்டுபோய் மணியக்காரர் வாசலில் நிறுத்தினேன். பிரபுவுக்கு உரியதைக் கொடுத்துவிட்டால் என் பசுக்களை எவனும் ஒன்றும் சொல்ல முடியாது. ராத்தூக்கம் கெட்டு யோசித்தது அது ஒன்றைத்தான்.

"எங்கேம்மா இருந்துது இது?"

"எழுத மறந்துட்டாங்க ஐயா."

வெகுநேரம் என்னைப் பார்த்தார். பல்லைத் திறந்து பார்த்தார் — குதிரையின் பல்லை. "வேற ஏதாவது மறந்தாங்களா?"

"நாலு பசு. உயில்படி அது என்னுது. சிறந்த உருப்படி இதுதான், நீங்களே பாருங்க."

"இதுதான்" என்று ஒத்துக்கொண்டார். மேற்கொண்டு கேட்கவில்லை. இப்படிப்பட்ட குதிரை கிடைத்தவன் எதற்குக் கேட்கிறான்? செர்ரியைத் திருப்பிக் கொடுத்தார்.

அதைக் கொண்டுவந்து கில்பர்ட் கையில் கயிற்றைக் கொடுத்தேன். "இந்தா. இது பட்டியல்ல இருக்கு."

மே 15

கோவில் விட்டு வரும்போது ஹம்ப்ரி கூடவே நடந்தார். தன் கீழ்வயலையும் பழைய பால்கொட்டகையையும் வாடகைக்குத் தருகிறேன் என்றார். என்ன வேண்டும் இந்தக் கிழவனுக்கு, மறுகல்யாண நினைப்போ என்னவோ என்று முறைத்தேன். அதற்கெல்லாம் தனக்கு முழங்கால் இல்லை என்றார். பிறகு சொன்னார்:

"ஆம்ப்ரோசோட அப்பா செத்தப்ப அவரும் நானுந்தான் ரெண்டு காளையை ஓட்டிட்டுப் போனோம். அதே காட்டுக்கு. இருபத்தாறு வருஷம் இருக்கும். அப்பனைப் போலப் பிள்ளைன்னு ஆம்ப்ரோசுக்குத் தெரியாதா?"

"உங்ககிட்ட சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. அடக்கத்தன்னிக்குப் பாதிரியார் உயிலைப் படிச்சதும் எனக்குப் புரிஞ்சுது. பட்டியல் போடறப்ப உன் மூஞ்சியப் பாக்கவே பயமா இருந்துது, எங்க சிரிச்சிருவேனோன்னு."



ஜூன் 24

கீழ்வயலில் பால்கொட்டகை. முதல் பாலாடைக்கட்டி இன்று அச்சிலிருந்து வந்தது. ஓரம் கொஞ்சம் வெடித்திருக்கிறது, தாங்கும். குளிர்காலம் வரை படுக்கை மட்டும் மாடியில். நேற்று தாமசின் பெஞ்சை நகர்த்தி, மேலே ஒரு மெத்தைத் துண்டும் போட்டு, "உக்காருங்க அத்தை, வெண்ணெய் கொஞ்சம் கிடைக்குமா?" என்றாள். உட்கார்ந்தேன். வெண்ணெய்க்கு யோசிக்கிறேன் என்றேன்.

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். அவரை எத்தனை திட்டியிருக்கிறேன்! ஏப்ரல் 2-ஐ அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி மனுஷன். சொல்லியிருந்தால் பட்டியல் போட்ட அன்று என் முகத்திலேயே எல்லோரும் படித்திருப்பார்கள். பத்தொன்பது வருஷம் பார்த்த முகம், அவருக்குத் தெரியாதா?

அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாரே. நான் அவர் தோளைக்கூடத் தொடவில்லை.

பூனை பால்கொட்டகை மூலையில் குட்டி போட்டிருக்கிறது. நான்கு. அதையும் யாரும் எழுதவில்லை.