வாளியில் போன இரண்டு மீன்

ஆகஸ்ட் 9

அன்புத் தம்பி வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் இந்த ஒற்றை அறை வீட்டில் உன் அத்தான் காதில் விழும். ஏரிக்கரையைக் காக்கிற மனிதருக்கு இருக்கிற கவலை போதாதா? அதனால்தான் காகிதம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஏரியில் வலை போட்டால் கெண்டையும் இல்லை, கெளுத்தியும் இல்லை. கறுப்பாக, மேலெல்லாம் முள்ளும் ஓடுமாக ஒரு மீன்தான் வலையைக் கிழித்துக்கொண்டு வருகிறது. அதை விழுங்கப்போன நாரை தொண்டை அடைத்துச் செத்துக் கிடந்தது. மற்ற நாரைகளையும் காணோம். கொசுப்புழு தின்னும் பொடிமீன் ஒழிந்ததால் கொசு பிடுங்கி எடுக்கிறது. வண்ணமீன் கடையில் வேலை செய்கிறவன் நீ. அது என்ன மீனடா?

அன்புடன்,
அக்கா

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், தொப்பையே போட்டுவிட்டது. நீ சொல்வது டேங்க் கிளீனர். தொட்டியில் பாசியைத் தின்று கண்ணாடியைச் சுத்தமாக வைக்கும். சாதுதான். ஏரி என்றால், பாசியோடு மற்ற மீன்களின் முட்டையையும் வழித்துவிடும். யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பயப்படாதே. கரையில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது.

உன் வாலு

செப்டம்பர் 14

தம்பிக்கு,

தண்ணீர் இறங்கியதும் பார்த்தேன். ஓட்டையா? கரையே சல்லடை. ஒன்றில் கையை விட்டேன். தோள்வரை போயும் விரலில் எதுவும் தட்டவில்லை. அத்தான் தினமும் களிமண் வைத்து அடைக்கிறார். மறுநாள் பக்கத்திலேயே புதிது. "கரைக்காவல்னு பேரு, என்னத்தக் காத்தீங்க?" என்று ஊரே அவரைக் கேட்கிறது. விசாரணை வேறு வருகிறதாம். மனிதர் சோற்றில் கை வைப்பதில்லை.

கரைக்கு அடியில்தான் நம் வீடு. மழைக்கு ஒரு மாதம்கூட இல்லை. பிள்ளைகளை இங்கே எப்படிப் படுக்க வைப்பேன்? ஓட்டை இருக்கும் என்று உனக்கு எப்படியடா தெரிந்தது?

அக்கா

செப்டம்பர் 25

அக்கா,

முட்டையிட அவை கரையைக் குடையும், கடையில் கேள்விப்பட்டேன் என்று மட்டும் முதலில் எழுதினேன். எழுதிக் கிழித்துப்போட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன் பிள்ளைகளுக்கு நான் வாங்கிவந்த தொட்டியில் இரண்டு இருந்தன, ஞாபகமா? தொட்டி பத்தாமல் வளர்ந்துவிட்டன. கொல்ல மனசு வரவில்லை. ஏரியில் விட்டது நான்தான். இரண்டே இரண்டு, அக்கா! மழைக்கு முன் வீட்டைக் காலி செய்யுங்கள். அத்தானிடம் மட்டும் சொல்லிவிடாதே. உன் காலில் விழுகிறேன்.

வாலு

அக்டோபர் 6

தம்பிக்கு,

நீ எடுத்துப்போனது என் வாளி. அது காலியாகத் திரும்பியதைப் பார்த்து, "எங்கயாவது பொழச்சுக்கட்டும்"னு சொன்னவளும் நான்தான். எனக்கு முதலிலேயே சந்தேகம். உன் வாயால் வரட்டும் என்றிருந்தேன்.

காலி செய்யலாம் என்றால் அத்தான், "காவக்காரன் நானே ஓடினா, தப்பு என்னோடதுன்னு ஆயிடாதா?" என்கிறார். நான் உண்மையைச் சொன்னால், புருஷனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாள் என்பார்கள். எனக்கு இனி எழுதாதே. அவருக்கு எழுது. இன்று தூறல் போட்டது.

அக்கா

அக்டோபர் 13

அத்தானுக்கு,

வணக்கம். அந்த மீனை ஏரியில் விட்டவன் நான். ஓட்டைகளுக்கு நீங்கள் காரணமில்லை. இதை ஊர் முன்னால் சத்தமாகப் படியுங்கள். படித்த கையோடு எல்லாரும் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். என்னை அப்புறம் திட்டிக்கொள்ளலாம்.

உங்கள் மச்சினன்

நவம்பர் 2

தம்பிக்கு,

கடிதம் வந்தது. ஊர் முன்னால் சத்தமாகப் படித்தேன். அன்றே எல்லாரும் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறினோம். மூன்றாம் நாள் காலையில் கரை உடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. வீடு போயிற்று.

வடிந்த சேற்றில் அந்த மீன்கள் ஒரு பகல் முழுக்கச் சாகாமல் கிடந்தன. உன் அக்கா அழுதுகொண்டே வாளி வாளியாக அள்ளிப் புதைத்தாள். மிச்சம் வெள்ளத்தோடு ஆற்றுக்குப் போய்விட்டது. ஆற்றை ஒட்டி இன்னும் நாலு ஏரி இருக்கிறது. நாலு கரைக்குக் கீழேயும் வீடுகள். எனக்குத் தூக்கமில்லை.

வரவேண்டாம் என்று சொல்லமாட்டேன். வா. எப்போது வந்தாலும் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கி வருவாய். இந்தத் தடவை வெறுங்கையோடு வா.

அத்தான்