அம்மா பிடுங்கச் சொன்ன தோட்டம்

அன்புள்ள சின்னுவுக்கு,

நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே இதைவிடச் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்துவாள், அதனால்தான் கடிதம். என் முழங்கால் பரவாயில்லை. மாடிக் குழாய் ஒழுகியதை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று. ஃப்ரிட்ஜ்தான் வழக்கம்போல அம்மாவின் ஆஸ்பத்திரியாக இருக்கிறது, பால் எடுக்கத் திறந்தால் டப்பா நிறையப் புள்ளி விழுந்த தக்காளி இலை, யாரோ ஒரு விவசாயி கொடுத்ததாம், ஆய்வுக்கூடத்துக்குப் போகிறவரை நான் தொடக்கூடாதாம். காலமெல்லாம் பஸ் ஓட்டிய எனக்கு இப்போது காரில் ஒரே ஒரு பயணி, உன் அம்மா, அவளும் டிக்கெட் எடுப்பதில்லை.

சில மாதத்துக்கு முன் போனில் பேசும்போது நீ கோபப்பட்டாய், அம்மாவை இந்த வேளாண் விரிவாக்க அலுவலர் வேலையை விட்டுவிடச் சொல்லுங்கள், இந்த வயதில் வெயிலில் அலைந்து ஊரில் உள்ள விவசாயிக்கும் தோட்டம் போடுகிறவருக்கும் சொல்லிக் கொடுத்தது போதும் என்று. நானும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் ஒன்று நடந்துவிட்டது, அம்மா உன்னிடம் வாயே திறந்திருக்கமாட்டாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு மாடிக் குடியிருப்பு, அதன் பின்னால் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து அங்கே குடியிருப்பவர்கள் சேர்ந்து கீரையும் முள்ளங்கியும் போட்டிருந்தார்கள். முன்னால் நின்று செய்தவள் ஒரு தையல்காரம்மா. கணவன் போன துக்கத்தில் படுத்துக் கிடந்தவளை எழுப்பி உட்காரவைத்ததே அந்தத் தோட்டம்தான் என்பார்கள். அவளுக்கு ஒரு சின்னப் பெண் குழந்தை, நாள் முழுக்க அந்த மண்ணில்தான் விளையாட்டு. கீரை மஞ்சளாகிறது என்று அவள் கூப்பிட்டதால் அம்மா போனாள். இதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று வழக்கம்போலக் கேட்டாள், பழைய பேட்டரி உடைக்கிற கடை இருந்தது என்றார் காவலாளி. அம்மா முகம் மாறியதை நான் பார்த்தேன். மண்ணை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள், மண்ணில் காரீயம் இருக்கிறது என்று முடிவு வந்தது, பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கிற விஷம் அது.

முடிவைச் சொல்லப் போன அன்றைக்குக் காரை நிறுத்தியும் அம்மா இறங்கவில்லை. இலை மஞ்சளாச்சுன்னு கூப்பிட்டாங்க, நான் போய் எதைச் சொல்றது என்றாள். ஆனால் போய்ச் சொன்னாள். கீரை, முள்ளங்கி எதையும் சாப்பிடக்கூடாது, எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும், பிள்ளைகளை அந்த மண்ணில் விடவே கூடாது என்றாள். தையல்காரம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு இலைக்கு மருந்து கேட்டா தோட்டத்தையே பிடுங்கச் சொல்றீங்களே, நீங்க வளக்கச் சொல்லிக் குடுக்க வந்தவங்களா, அழிக்க வந்தவங்களா என்று கேட்டுவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மற்றவர்கள் அலுவலகத்துக்குப் புகாரே அனுப்பிவிட்டார்கள். அங்கே மேலதிகாரி, நீங்க சொல்லிட்டீங்கல்ல, அதோட விட்டுடுங்கம்மா என்றாராம். சொன்னா போதாது சார், அவங்க கேக்கணும் என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள், நானும் கண்ணாடியில் பார்க்காதமாதிரி ஓட்டினேன்.

அப்புறமும் விடவில்லை. வேலை முடிந்ததும் அங்கே போய் அந்த மூடிய கதவுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவாள். தோட்டத்தைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். பாப்பாவுக்கு மட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க, ஒண்ணும் இல்லேன்னா என்னைத் திட்டுங்க, நின்னு கேட்டுக்கிறேன் என்று ஒருநாள் கதவைப் பார்த்துச் சொன்னாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது. மறுநாளே தையல்காரம்மா குழந்தையைப் பரிசோதனைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். இருக்கக்கூடாத அளவுக்கு ரத்தத்தில் காரீயம் இருந்தது. நல்லவேளை, சீக்கிரமே தெரிந்துவிட்டது, இனிமேல் உடம்புக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் மெல்லக் குறையும் என்றார் டாக்டர். நாங்கள் போய்ப் பார்த்தபோது தையல்காரம்மா தனியாக நின்று செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளுக்குக் கையுறையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று தானும் பிடுங்கினாள். நான்தானே அக்கா என் கையால ஊட்டினேன் என்று அவள் உடைந்து அழுதாள். ஊட்டினது நீ, விஷத்தைக் கொட்டினது வேற யாரோ, ரெண்டையும் ஒண்ணாக்காதே என்றாள் அம்மா.

மற்ற பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள், இன்னும் சிலருக்குக் கொஞ்சம் இருந்தது. இப்போது அங்கே நிலத்தின் மேல் கனமான துணி விரித்து, பலகையால் உயரமான பெட்டிகள் அடித்து, பரிசோதித்த புது மண்ணை லாரியில் கொண்டுவந்து கொட்டி, வெறும் தரையை மரத்தூள் போட்டு மூடியாயிற்று. மண் சுமந்ததில் என் முழங்காலுக்கும் பங்கு உண்டு, அம்மாவிடம் மூச்சு விடாதே. குழந்தைக்கு மறுபடி பார்த்ததில் நன்றாகக் குறைந்திருக்கிறது. அதைச் சொல்ல அலுவலகத்துக்கே வந்த தையல்காரம்மா அதோடு போகவில்லை, மற்ற குடியிருப்புகளுக்கு அம்மா போகும்போது அவளும் கூட வருகிறாள். கதவைச் சாத்துகிறவர்களிடம் அம்மாவைவிட அவள் நன்றாகப் பேசுகிறாள். இப்போது எனக்கு இரண்டு பயணிகள். இந்த நிலைமையில் வேலையை விடு என்று நான் எந்த வாயால் சொல்வது, வேண்டுமானால் நீயே சொல்லிப் பார்.

மாப்பிள்ளையை நேரத்துக்குத் தூங்கச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. குட்டி புதினாச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுகிற போட்டோ அனுப்பினாய் அல்லவா, அதை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேரனைக் கொஞ்சுகிறாள் என்று நினைத்தேன், பின்னால் பெயிண்ட் உரிந்து நிற்கிற அந்தப் பழைய சுவரைப் பார்த்திருக்கிறாள். பழைய பெயிண்டிலும் காரீயம் இருக்குமாம், உரிந்து மண்ணில் கலக்குமாம். உன்னைப் பயமுறுத்தக்கூடாது என்று மனசுக்குள்ளேயே வைத்துத் தவிக்கிறாள். உங்கள் ஊரிலும் இந்த வேலைக்கு அம்மாவைப்போல ஒருத்தர் இருப்பார், மண்ணைக் கொடுத்துப் பார்க்கச் சொல், அதுவரை குட்டி அங்கே விளையாட வேண்டாம். அவர் சொல்வது பிடிக்காவிட்டாலும் உட்காரவைத்து முழுதாகக் கேள்.

அன்புடன்,
உன் அப்பா