பழுப்புக் கோட்டு

பிப்ரவரி 6, செவ்வாய்

செவ்வாய்தோறும் கடைக்கு வரும் வெண்டல் ஐயா வேலிக் கம்பியை எடுக்கக் குனிந்தபோது, அவருடைய பழுப்புக் கோட்டு மேலேறி, இடுப்பில் துப்பாக்கி தெரிந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"பயப்படாத நோரா. போலீஸ் நாப்பது மைல் தாண்டி வரணும். அதுவரைக்கும் நான் இருக்கேன்ல."

தீவனக் கடை முதலாளி ராய்ஸ் விடவில்லை. "நீ குறி வெச்சா மாட்டுக் கொட்டகையே தப்பிச்சிடும்யா."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு இங்கே வேலைக்கு வந்ததே, யார் எதிரிலும் வாய் திறக்க வேண்டாம் என்றுதான்.

பிப்ரவரி 13, செவ்வாய்

எழுத முடியவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். செவ்வாய் காலை யாரோ ஒருவன் நீளத் துப்பாக்கியோடு கடைக்குள் வந்து சுட ஆரம்பித்தான். ராய்ஸ் தோளில் அடிபட்டு மயங்கி விழுந்தார். நான் கல்லாவுக்கு அடியில் புகுந்தேன். வெண்டல் ஐயா திருப்பிச் சுட, அவன் பின்வாசல் வழியாக ஓடிவிட்டான் — அது எனக்குப் பிறகுதான் தெரியும். அடியிலிருந்து நான் பார்த்தது ஒரு பழுப்புக் கோட்டின் நுனியும் துப்பாக்கி பிடித்த கையும்தான்.

அங்கிருந்தே அவசர எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவள் கேட்டாள். "என்ன போட்டிருக்கான்?"

"பழுப்புக் கோட்டு."

"இன்னும் உள்ளதான் இருக்கானா?"

"ஆமா."

பனிக்காலத்துல இந்த ஊர்ல பழுப்புக் கோட்டு போடாத ஆம்பள யாரு? எனக்கு ஏன் அது தோணல?

அன்றைக்குப் பார்த்து போலீஸ் சீக்கிரம் வந்துவிட்டது. துணை ஷெரீஃப், கோடி என்கிற போலீஸ்காரன், பக்கத்துச் சாலையில்தான் இருந்திருக்கிறான். உள்ளே வந்து சுட்டான். அதே பழுப்புக் கோட்டோடு எனக்குக் காவலாக நின்றுகொண்டிருந்த வெண்டல் ஐயாவை.

பிப்ரவரி 19, திங்கள்

ராய்ஸ் கட்டுப் போட்ட தோளோடு வந்தார். "வெண்டல் கிட்ட துப்பாக்கி இல்லேன்னா நாம ரெண்டு பேரும் பொணம்."

அதனாலதானே அவர் செத்தாரு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. போனில் சொன்னதை மட்டும் சொன்னேன்.

"போலீஸுக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேணாம். பேசாம இரு."

கோடி வீட்டுக் கதவில் கொலைகாரன் என்று பெயின்டில் எழுதியிருக்கிறார்களாம்.

பிப்ரவரி 24, சனி

கல்லா இழுப்பறையில் ராய்ஸ் ஒரு சின்னத் துப்பாக்கி வைத்திருக்கிறார். எனக்காம். நான் தொடவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

வெண்டல் ஐயாவின் மனைவி ஆர்லீன் வந்தார். கோழித் தீவனத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"கோடி மேல வழக்குப் போடறேன். ஒரு வார்த்தை எச்சரிக்காம சுட்டான்னு நீ வந்து சொல்லணும், கண்ணு. முழிச்சுக்கிட்டிருந்தவ நீ ஒருத்திதான்."

"'கீழ போடு'ன்னு கத்தினான்மா." என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "ஐயா யாருன்னு பார்க்கத் திரும்பினாரு. கையில துப்பாக்கி இருந்தது. பழுப்புக் கோட்டுக்காரன் உள்ள இருக்கான்னு போன்ல சொன்னது நான்தான்."

என்னையே பார்த்தார். "அப்போ, நீயா?"

தலையாட்டினேன்.

வெளியே போய் வண்டியில் உட்கார்ந்தார். கிளப்பவில்லை. அவர் வாங்கிய இரண்டு மூட்டைகளும் உள்ளேயே கிடந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் வண்டியின் பின்னால் ஏற்றினேன்.