போடிமெட்டு இறக்கத்தில் சிட்டு கார்

பிப்ரவரி 3, 1975. திங்கள். பூப்பாறை.

காலையில் பனி. பட்டறைத் தாழ்ப்பாளைத் தொட முடியவில்லை, அவ்வளவு குளிர். ஒரு ஜீப்புக்கு கிளட்ச் மாற்றினேன். சிட்டு கார் ஒன்றுகூட வரவில்லை. எங்கே வரும்? நான் விற்ற சிட்டுகளில் பாதி சாக்குப் போர்த்திக் கிடக்கின்றன. மீதியை வைத்திருக்கிற டிரைவர்கள் சவாரி இல்லாமல் ஸ்டாண்டில் பீடி பிடிக்கிறார்கள். ‘எல்லோருக்கும் ஒரு கார்’ என்று கம்பெனி அனுப்பிய போர்டு இன்னும் பட்டறை வாசலில்தான். எவனோ ‘கார்’ என்பதை அடித்துவிட்டு கரியால் ‘பாடை’ என்று எழுதியிருக்கிறான். அழிக்கவில்லை. எத்தனை தடவை அழிப்பது.

சாயங்காலம் சாந்தன்பாறை போய் தங்கச்சி சரோஜாவைப் பார்த்தேன். இன்றும் வேலை இல்லையாம். எஸ்டேட்டில் காலைப் பெரட்டு. கங்காணி கருப்பையா ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு ஆளை வேலைக்கு அனுப்புவார். அவள் பேர் வந்தால் தாண்டிவிடுகிறார். வேலைக்கு வராத ஆளுக்கு லயத்தில், எஸ்டேட் வரிசை வீட்டில், இடம் எதற்கு என்று ஆபீசில் கேட்டாயிற்று. மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவாள்? என் வீட்டுக்கு வா என்றேன். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கருப்பையாவைத் திட்டவும் வாய் வரவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் வயிற்று வலியில் துடித்த அவர் மனைவியைப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது சரோஜாவின் புருஷன், டாக்சி டிரைவர் பாண்டி. வண்டி நான் விற்ற சிட்டு. போடிமெட்டு தாண்டி இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பாண்டி போனான், அந்த அம்மாளும் போனாள். கருப்பையா மட்டும் கை ஒடிந்து பிழைத்தார். அன்றிலிருந்து அவர் சொல்வது ஒன்றுதான்: “எஞ்சினை அணைச்சான்யா. என் காதால கேட்டேன். பெட்ரோல் மிச்சம் பிடிக்க எம் பொண்டாட்டியக் கொன்னுட்டான்.”

அணைத்தது உண்மை. பெட்ரோல் விலை ஏறினதிலிருந்து இந்த மலையில் அணைக்காமல் இறங்குகிற டாக்சி எது? மெட்டில் செக்போஸ்ட் தாண்டியதும் சாவியைத் திருப்பு, நியூட்ரலில் தள்ளு, அடிவாரம் முந்தல் வரைக்கும் பிரேக்கை மிதித்தே உருட்டு. எல்லோரும் செய்வதுதான். இன்ஸ்பெக்டர் வந்து கேட்டபோது மட்டும் ஸ்டாண்டில் ஒருத்தன் வாய் திறக்கவில்லை. திறந்தால் லைசன்ஸ் போய்விடும். ‘டிரைவர் கவனக்குறைவு’ என்று எழுதி மூடிவிட்டார்கள்.

பிப். 4. செவ்வாய்.

வெயில். சிட்டு செய்கிற வாளையாறு கம்பெனியிலிருந்து எஞ்சினீயர் வந்தார், பேர் நாச்சிமுத்து. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பண்ணை வீட்டுப் பையன். சட்டையில் கறை இல்லை. புதுச் சிட்டு ஒன்றை அவரே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். டிக்கி நிறைய புது பிரேக் ட்ரம்.

“பழைய வண்டிக்கெல்லாம் சும்மாவே மாத்திக் குடுக்கறமுங்க. கெட்ட பேரு போகோணுமுங்க.”

முன்னாடியே ஏன் இந்தப் புத்தி வரவில்லை என்றேன்.

“ஏனுங்க, உங்கூர்ல அணைச்சுப் போட்டு இறக்குவாங்கன்னு எங்களுக்கு ஆரு சொன்னாங்க? பொள்ளாச்சி ரோட்டுல ஓட்டிப் பாத்துத்தானுங்க வித்தோம். அங்க ஏதுங்க மலை?”

மலையில் விற்கிற வண்டியைத் தென்னந்தோப்பு நடுவில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா. அடுத்ததாக அவர் சொன்னது: பழைய பிரேக்கைப் பற்றி நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. “புதுசு இன்னும் நல்லாருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. மொதலாளி கண்டிசனாச் சொல்லியுட்டாரு. மீறினா ஏஜென்சி உங்ககிட்ட இருக்காதுங்க.”

தலையாட்டினேன். ஆட்டாமல் என்ன செய்ய.

வாங்க வேண்டியது: கிரீஸ், மண்ணெண்ணெய், பாப்பாவுக்கு இருமல் மருந்து, எஞ்சினீயருக்கு ஒரு கம்பளி (பாவம், நடுங்குகிறார்).

பிப். 6. வியாழன்.

பட்டறையில் விற்காமல் கிடந்த சிட்டுகளுக்கு நாள் முழுக்க ட்ரம் மாற்றினோம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும். பழையது மெலிசு, அப்பளம். கொஞ்சம் சூடேறினால் உள்ளே பிடிக்கிற லைனிங் வழுக்கும், வண்டி நிற்காது. புதியது தடிமன், சூடு போக வெளியில் வரிவரியாக வெட்டு.

நாச்சிமுத்து வேலைக்காரன்தான், ஒத்துக்கொள்ள வேண்டும். சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். டீ குடிக்கும்போது, நான் கேட்காமலே, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “மொதல்லயே இந்த ட்ரம்முதானுங்க வரைஞ்சு குடுத்தேன். விலை ஏறிப் போயிரும்னு மொதலாளி வேண்டாமுன்னுட்டாரு.”

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். உடம்பெல்லாம் எரிந்தது. வரைந்து வைத்திருந்தார்களாம். பாண்டி வண்டியை எடுத்த அன்று என் மகள் பாப்பாவைத்தான் முதலில் உட்காரவைத்து ஸ்டாண்டைச் சுற்றி வந்தான். அப்போதே அந்தப் படம் வாளையாற்றில் மேசை மேல் இருந்திருக்கிறது. நாச்சிமுத்துவை அடிக்கலாம் போல இருந்தது. பிறகு, இவன் ஒருத்தனாவது சொன்னானே என்றும் இருந்தது.

சாயங்காலம் ஸ்டாண்டுக்குப் போய் புது ட்ரம்மைக் காட்டினோம். யாரும் கையில்கூட வாங்கவில்லை. நாச்சிமுத்து, நாளைக்கே மலை இறங்கிக் காட்டுகிறேன், செகண்ட் கியரில், எஞ்சினை ஓடவிட்டே, என்றார். செல்லையா (ஸ்டாண்டில் மூத்த டிரைவர், வாய்க்குப் பூட்டு இல்லை) சிரித்தான்.

“செகண்ட் கியர்ல இறங்குனா என் மாட்டு வண்டியும் நிக்கும் சார். நாங்க இறக்குற மாதிரி இறக்குங்க.”

பிறகு என் பக்கம் திரும்பினான். “முருகேசண்ணே, நீங்க ஓட்டுங்க. உங்க வீட்டு ஆளு ஒருத்தர ஏத்திக்கங்க. அப்ப நம்புறோம். எங்க வீட்டு ஆளு ஏறித்தான ஒருக்கா பாத்தாச்சு.”

எல்லோரும் தலையாட்டினார்கள். பாண்டிக்காக வாய் திறக்காதவர்கள். இப்போது அவன் ‘எங்க வீட்டு ஆளு’.

பிப். 8. சனி.

மேகமூட்டம். மனைவி ரத்தினத்திடம், வண்டியில் கூட வருகிறாயா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள்.

“எனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? தங்கச்சி தாலிய வாங்குனது பத்தாதா? இப்ப எந்தலைய வச்சுத்தான் ஏவாரம் பண்ணணுமா?”

சாப்பிடவில்லை. அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது. புது ட்ரம்மை நானே தட்டிப் பார்த்து, நானே மாட்டினேன், நம்பிக்கை இருக்கிறது. ஆனால் பாண்டியிடம் சாவியைக் கொடுத்தபோதும் நம்பிக்கை இருந்தது.

மத்தியானம் சரோஜா வந்தாள். விஷயம் லயம் வரைக்கும் போயிருக்கிறது. உட்காரவில்லை. நிலைப்படியில் நின்றபடியே:

“நான் ஏறுறேண்ணே.”

வேண்டாம் என்றேன். பிள்ளையை நினைத்துப் பார் என்றேன்.

“பிள்ளைய நினைச்சுத்தான் ஏறுறேன். நாளைக்கு அதுகிட்ட, உங்கப்பன் ரெண்டு உசுரக் குடிச்சவன்னு எவனும் சொல்லக்கூடாது. ஆனா ஒண்ணு, அவுக ஓட்டுன மாதிரியே ஓட்டணும். மெட்டுலயே அணைச்சுரணும்.”

சாப்பாட்டுக்கு வந்திருந்த நாச்சிமுத்து, அது சட்டப்படி தப்புங்க என்றார். சரோஜா அவர் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. ரத்தினம் உள்ளேயிருந்து வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அழுதுகொண்டே திட்டினாள், யாரை என்று தெரியவில்லை.

பிப். 9. ஞாயிறு.

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில், ட்ரம் மாற்றிய சிட்டில் கிளம்பினோம். நான் ஓட்ட, பக்கத்தில் சரோஜா, பின்னால் நாச்சிமுத்து. டிரைவர்கள் ஒரு ஜீப்பில் பின்னாடியே. போடிமெட்டு செக்போஸ்டில் நிறுத்தினால், அங்கே கருப்பையா. சரோஜாவே நேற்று ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறாள், ‘கங்காணி வந்து பாக்கட்டும்’ என்று. கருப்பையா பின் கதவைத் திறந்து நாச்சிமுத்து பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஒடிந்த கை இன்னும் முழுசாக நீளவில்லை. அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் அவர் இந்த ரோட்டில் இறங்கவே இல்லையாம்.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நின்றது. பின் சீட்டில் கருப்பையா மூச்சை இழுத்தது கேட்டது. எஞ்சின் நிற்கிற அந்தச் சத்தத்தைத்தான் இத்தனை மாசமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டி உருள ஆரம்பித்தது. காற்றும் டயர் சத்தமும் மட்டும். ஒவ்வொரு வளைவிலும் மிதிக்கிறேன், பிடிக்கிறது, விடுகிறேன், மறுபடி வேகம். முதுகு நனைந்துவிட்டது. பாதி தூரத்தில் லைனிங் சூடேறிய வாசனை. காலுக்கடியில் பெடல் இறங்குமோ இறங்குமோ என்று மனம் அதிலேயே. இறங்கவில்லை. குலசாமி பேரைச் சொன்னேனா, கெட்ட வார்த்தை சொன்னேனா, ஞாபகம் இல்லை. சரோஜா ரோட்டையே பார்த்துக்கொண்டு, கண் சிமிட்டாமல்.

அந்த வளைவு வந்தது. தடுப்புச் சுவரில் உடைந்த இடத்தைப் புதுக் கல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

“நிறுத்துண்ணே.”

அழுத்தினேன். அந்தச் சரிவில், அந்தச் சூட்டில், வண்டி நின்றது. அப்படியே நின்றது.

யாரும் இறங்கவில்லை. பிறகு சரோஜா இறங்கினாள். கருப்பையாவும். ஜீப்பும் வந்து நின்றது, டிரைவர்கள் எல்லோரும் சுற்றி. நாச்சிமுத்து குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், முகத்தில் சந்தோஷம். நியாயம்தான், அவர் வரைந்தது. சரோஜா அவரிடம் கேட்டாள், குரல் உயரவே இல்லை:

“சார், அவுகளும் இப்படித்தான் அணைச்சாக. இதே ரோடு. இன்னைக்கு நின்னுச்சு. அன்னைக்கு ஏன் நிக்கல?”

“அது வந்துங்க... பழைய மாடலுங்க...” என்னைப் பார்த்தார். கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

ஏஜென்சி, பட்டறை, பாப்பா பள்ளிக்கூடம், எல்லாம் மனதில் ஓடியது. சொல்லிவிட்டேன்.

“பிரேக்தான் கெட்டது. ட்ரம் மெலிசு. இறக்கத்துக்குத் தாங்காது. பாண்டி இல்லை, நீங்க யாரு ஓட்டியிருந்தாலும் போயிருப்பீங்க.”

செல்லையா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். “நாங்களும்தான் அணைச்சு இறக்குறோம். அன்னைக்கே சொல்லிருக்கணும்.” சரோஜா காதில் விழுந்ததா தெரியவில்லை. புதுக் கல் மேல் கையை வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். கருப்பையா கொஞ்சம் தள்ளி, பள்ளத்தைப் பார்த்தபடி. முந்தல் வரைக்கும் நடந்தே இறங்கினார்.

பிப். 10. திங்கள்.

வயிறு சரியில்லை. இஞ்சிக் கஷாயம்.

இதுதான் வேடிக்கை. காலையிலிருந்து பட்டறை வாசலில் சிட்டுகள் வரிசை, ட்ரம் மாற்ற. செல்லையா அவன் ஓட்டை வண்டியைத் தள்ளிவிட்டுப் புதுச் சிட்டு எடுக்கிறானாம். ஏன்டா என்றேன். “பழசு மோசம்னு சொன்ன வாயி, புதுசு நல்லதுன்னா நம்பலாம்ல?” சாந்தன்பாறையிலிருந்தும் வண்டன்மேட்டிலிருந்தும் விசாரித்து ஆள் வந்தது. போர்டில் இருந்த கரியை யாரோ துடைத்திருக்கிறார்கள்.

கம்பெனி பேர் தேறிவிட்டது. பாண்டியைத் தின்றுவிட்டுத் தேறியிருக்கிறது. வாளையாற்று முதலாளிக்கு இது என்றைக்காவது தெரியுமா?

நாச்சிமுத்து, ஓட்டிவந்த சிட்டை செல்லையாவுக்கு விட்டுவிட்டு, ஊருக்குக் கிளம்பினார். நான் பேசியதை முதலாளியிடம் சொல்லத்தான் வேண்டும் என்றார். சொல்லுங்கள் என்றேன். பஸ் ஏறும்போது, “தப்பா நினைக்காதீங்க. நான் சொல்லியிருக்கோணுமுங்க, நீங்க சொல்லிட்டீங்க,” என்றார். கம்பளியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இருக்கட்டும்.

பிப். 12. புதன்.

பனி இல்லை. வெயில் சுரீர். பாப்பாவுக்கு இருமல் விட்டது.

விடிந்ததும் கருப்பையா பட்டறைக்கு வந்தார். வேட்டி சட்டை சலவையில் வந்தது, கையில் ஒரு மஞ்சள் பை. ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

“நேத்து பெரட்டுல உன் தங்கச்சி பேரக் கூப்பிட்டாச்சு. வீடும் காலி பண்ண வேணாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன்.”

கும்பிட்டேன். கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

“ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லணும். அந்த ட்ரம்மு தாங்காதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“எஞ்சினீயர் வந்து சொன்னப்புறம்தாண்ணே. போன வாரம்.”

“கம்பெனிக்கு?”

சொன்னேன். முதலில் வரைந்த படம், விலை ஏறும் என்று வேண்டாமென்றது, எல்லாம். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, வாளையாற்றுக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டார். போடியில் பஸ், பழனி, பொள்ளாச்சி, அங்கே பாலக்காடு பஸ் ஏறிப் பிறகு வாளையாறு என்றேன். போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“அந்த ஆளு மூஞ்சியப் பாக்கணும். எம் பொண்டாட்டி பேரச் சொல்லணும். பாண்டி பேரையும் சொல்லணும்.”

ஒரு நாள் ஆகும், வழியில் சாப்பாடு சரிப்படாது, ஏதாவது கட்டித் தரச் சொல்லட்டுமா என்றேன்.

பையைத் தூக்கிக் காட்டினார். “சரோஜா கட்டிக் குடுத்துருச்சு. புளிச்சோறு.”