அக்காவைக் கூட்டிவந்தேன்

1941 பிப்ரவரி 3, திங்கள். அரியலூர்

விடிந்தும் பனி. எதிரே வரும் வண்டி தெரியவில்லை. டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு அகப்படவில்லை, கயிறு போட்டுக் கட்டியாயிற்று. எடுத்துக்கொண்டது: சேலை நான்கு, கம்பளி (மிஷன் இரவல்), வேதாகமம், கீர்த்தனைப் புத்தகம், அம்மை குத்தின சீட்டு, அக்காவுக்கு எள்ளுருண்டை, இந்த நோட்டு. அம்மை குத்தின கை வீங்கி ஜுரம் அடிக்கிறது. அடிக்கட்டும்.

பதினெட்டு நாள் சிலோன் ஊழியம். தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஜனங்களுக்குச் சுவிசேஷம். உபதேசியார் தேவசகாயம் (இனி உப.), அவர் சம்சாரம் சுகிர்தம் அம்மாள், பாட்டுப் பாட நான். திருச்சியைத் தாண்டி எங்கும் போனதில்லை, இப்போது கடல் தாண்டப் போகிறேன். பெரம்பலூர் பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சரும் கைகொடுத்தார்கள். "கர்த்தர் உன்னை அழைச்சிருக்கார் கிருபை."

கர்த்தர் எங்கே அழைத்தார். அழைத்தது அம்மா.

கிறிஸ்மஸிலிருந்து படுக்கை. கஞ்சிகூட இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள், கோடை தாண்டாதாம். அம்மா கேட்பது ஒன்றே ஒன்று: "பெரியவள ஒரு தரம் கண்ணால பாத்துட்டாப் போதும்." கல்யாணமான மறு மாசமே மாமாவோடு தோட்டத்துக் கூலியாகப் போனவள் அக்கா. எட்டு வருஷம். இரண்டு பிள்ளைகள். அம்மா பார்த்ததே இல்லை.

"கையோட கூட்டிட்டு வரேம்மா" என்றேன். சத்தியம் பண்ணு என்றாள். சத்தியம் பண்ணக்கூடாது என்று நான்தான் இரண்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பண்ணினேன்.

பிப். 5, புதன். மண்டபம்

ரயிலில் தூக்கமில்லை. உப. வழி நெடுக ஜெபம், நடுநடுவே குறட்டை.

மண்டபம் கேம்ப். சிலோனுக்குப் போகிறவர்கள் எல்லோரும் இங்கே சீட்டுக் காட்டவேண்டும். மணல், கம்பி வேலி, மருந்து வாடை. கண்ணைப் பிதுக்கிப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள். மிஷன் கடுதாசி இருந்ததால் எங்களுக்குச் சீக்கிரம் முடிந்தது.

எங்களுக்கு முன்னால் ஒருவர். உடையார்பாளையம் பக்கத்துப் பேச்சு, கேட்டதும் எங்கள் ஊர் ஆள் என்று சந்தோஷப்பட்டேன். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பொண்டாட்டி புள்ளைங்க அங்க இருக்காங்க சார். அண்ணன் சாவுக்கு வந்தேன். நாலு மாசமாச்சு."

கிளார்க் நல்ல மனுஷர்தான். சத்தம் போடவில்லை. "கூலி வேலைக்கு இங்கேர்ந்து யாரும் போகக் கூடாதுன்னு சர்க்கார் நிறுத்திட்டாங்க பெரியவரே. முன்னாடி அங்க இருந்தவனுக்கும் அதேதான். வந்தா வந்ததுதான். நான் என்ன பண்ணட்டும்?"

அந்த மனுஷர் வெளியே போய் மணலில் குந்திக்கொண்டார். உப. அவருக்கு ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார். வாங்கிக்கொண்டார், பாவம்.

அக்கா வந்தால் அவளுக்கும் இதுதானே.

பிப். 7, வெள்ளி. தலைமன்னார்

கப்பல். கடல். எழுத எவ்வளவோ இருக்கும் என்று நினைத்திருந்தேன், வாந்திதான் எடுத்தேன். சுகிர்தம் அம்மாளும் எடுத்தார். "மீன் வயித்துக்குள்ள யோனா மூணு நாள் எப்படித்தான் இருந்தாரோடி" என்றார். சிரித்தேன். இந்தப் பயணத்தில் சிரித்தது அது ஒன்றுதான் என்று குறித்து வைக்கிறேன்.

வெளிநாடு என்று கால் வைத்தால் அதே மணல், அதே பனைமரம், அதே காக்கை. இதற்கா இத்தனை கும்பிடு.

பிப். 11, செவ்வாய். மலைத்தோட்டம்

குளிர். விரல் மடங்கவில்லை. அப்பா, என்ன பச்சை! எங்கள் ஊர்க் கரிசலில் பிப்ரவரி மாசம் பச்சை பார்க்க வாய்க்கால் வரப்பில்தான் தேடவேண்டும். இங்கே மலைக்கே தலை சீவி விட்டிருக்கிறது.

லயம் என்பது ஒரே நீளக் கூரை, அதற்குள் வரிசையாகப் பத்து அறை, அறைக்கு ஒரு குடும்பம். மூன்று நாளில் நாலு லயத்து வாசலில் பாடினேன். தொண்டை கட்டிவிட்டது. மிளகு கஷாயம். பாட்டு முடிந்ததும் ஊர்ப் பேச்சுத்தான் கேட்கிறார்கள். "மழை பெஞ்சுதா?" "அரியலூர்ல சந்தை இன்னும் கூடுதா?" "சிறுவாச்சூர்ப் பக்கம் போவீங்களாம்மா? எங்க அண்ணன் இருக்காரு." பதில் சொல்லி மாளவில்லை.

அக்கா தோட்டம் இங்கிருந்து இரண்டு மலை தள்ளி. நாளைக்கே போகலாமா என்று கேட்டேன். உப.: "வரிசைப்படிதாம்மா. ஊழியத்துக்கு வந்தோமா, உறவு கொண்டாட வந்தோமா?" வாயை மூடிக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு மூடினேன்.

ஆண்டவரே, அம்மாவைப் பிடித்து வையும்.

பிப். 14, வெள்ளி. அக்கா வீடு

அக்கா!

கூடையோடு மலையிலிருந்து இறங்கி வந்தாள். யாரோ கிழவி வருகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்தாறு வயசு. கால் முழுக்க அட்டை கடித்த தழும்பு. கட்டிப்பிடித்து இரண்டு பேரும் ஓவென்று அழுதோம். லயமே கூடிவிட்டது.

"ஏ புள்ள, என்ன இம்புட்டு ஒசரம் ஆயிட்டே!"

தானியேலுக்கு ஆறு வயசு, ரூத்துக்கு மூன்று. ரூத் எள்ளுருண்டையை நக்கிப் பார்த்துவிட்டு என் மடியில் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை.

அம்மா விஷயம் சொன்னேன். அக்கா அடுப்பங்கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இப்பவே வரேன்" என்றாள். மாமா பீடியை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பிப். 15, சனி

எழுதித்தான் ஆகவேண்டும்.

காலையில் மாமா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்லவர், நிதானமானவர். "ஊருக்குப் போனவங்கள திரும்ப விடமாட்டேங்கிறாங்கன்னு இங்க பேசிக்கிறாங்க. ஒருத்தன் ஒண்ணு சொல்றான், இன்னொருத்தன் ஒண்ணு சொல்றான். நீ அந்த வழியாத்தான வந்தே கிருபை? கேம்ப்புல என்ன சொன்னாங்க?"

அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனுஷர் கண் முன்னால் வந்தார். பிறகு அம்மா வந்தாள்.

"விடுறாங்க மாமா. சீட்டு இருந்தாப் போதுமாம்" என்றேன்.

இவ்வளவுதான். ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

மாமா முகம் தெளிந்துவிட்டது. "மிஷன்ல வளர்ந்த பொண்ணு. நீ சொன்னா சரிதான். புள்ளைங்க இங்க இருக்கட்டும், பக்கத்து வூட்டு அக்கா பாத்துக்கும். பத்து நாள்தான?" அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "புள்ளைங்கள வச்சிக்கிட்டாத்தான் நீ சீக்கிரம் வருவே."

தோட்டத்துத் துரையிடம், ஊருக்குப் போக விடுகிற பற்றுச்சீட்டு வாங்க இரண்டு பேரும் போனார்கள். நான் மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். மறுபடி கழுவினேன்.

பிப். 16, ஞாயிறு

ஆராதனை. பிள்ளைகளுக்கு வேதத்துப் பத்துக் கற்பனைகளை நான் நடத்தவேண்டும் என்று உப. உத்தரவு. பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற கற்பனை வந்தது. தானியேல் அதை மட்டும் தடங்கல் இல்லாமல் சொன்னான். அவனுக்குத் தலையைத் தடவிக்கொடுத்தேன். என் கை அழுகிப்போகக் கூடாதா?

பிப். 20, வியாழன். தலைமன்னார்

நேற்றுக் காலை நாங்கள் புறப்பட்டபோது ரூத் அழவில்லை. சந்தைக்குப் போகிறாள் அம்மா என்று நினைத்தாள். "பொரி வாங்கியா" என்றாள். தானியேல்தான் மண் ரோட்டு முனை வரைக்கும் ஓடிவந்தான்.

சொல்லிவிட இது கடைசி இடம். கப்பல் ஏறும் முன் வரிசையில் நின்றபோது "அக்கா" என்றேன். அவள் திரும்பி, "அம்மாவுக்கு எலுமிச்சங்கா ஊறுகாய் புடிக்கும்ல, ஒரு ஜாடி வச்சிருக்கேன்" என்றாள். "சரிக்கா" என்றேன்.

ஏறிவிட்டோம்.

பிப். 23, ஞாயிறு. அரியலூர்

அம்மா உயிரோடு இருக்கிறாள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

அக்கா குரல் கேட்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள். அக்கா முகத்தைத் தடவித் தடவி, "என்னடி இப்படி வத்திப்போயிட்டே, என்னைவிட நீதான் சீக்காளி மாரி இருக்கே" என்றாள். அக்கா பிசைந்து ஊட்டின கஞ்சி நாலு வாய் உள்ளே போயிற்று. எல்லாம் இதற்குத்தான். நான் பண்ணினது இதற்குத்தான். சபையில் எங்கள் ஊழியத்துக்காக விசேஷ ஜெபம். என்னைப் பாடச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 12, புதன். அரியலூர்

வெயில் ஆரம்பம். அம்மா இன்று எழுந்து நடந்து வாசல் தெளித்தாள். கம்பங்கூழ் கேட்கிறாள், சுண்டைக்காய் வற்றல் கேட்கிறாள். "பெரியவ மொகத்தப் பாத்ததும் எமன் திரும்பிப் போயிட்டான்" என்று தெருவெல்லாம் சொல்கிறாள். ஆஸ்பத்திரியிலும் அதிசயம் என்கிறார்கள்.

நான் சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம்தான். ஆனால் அம்மா எப்படியும் பிழைக்க இருந்தவள் என்றால், நான் அக்காவை எதற்குக் கூட்டிவந்தேன்? இதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. சீ.

அக்கா பத்து நாள் என்று சொன்னது பதினெட்டு நாள் ஆகிவிட்டது. பையைக் கட்டி வைத்திருக்கிறாள். ரூத்துக்குப் பாவாடை தைத்தாயிற்று, தானியேலுக்குச் சிலேட்டு. "வர்ற வாரம் என்னைக் கொண்டுபோய் விடு கிருபை" என்கிறாள்.

பெரம்பலூரில் ஒரு வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டேன். மனுப் போடலாம், பதில் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை என்றார். அவள் பேரில் நானே மனு எழுதிப் போட்டேன். அக்காவுக்குச் சொல்லவில்லை.

மார்ச் 25, செவ்வாய். மண்டபம்

மனுவுக்குப் பதில் இல்லை. அக்காவை நிறுத்தி வைக்க வாயில் வேறு பொய் இல்லை. கூட்டிவந்தேன்.

அதே கிளார்க். அக்கா பற்றுச்சீட்டை நீட்டினாள். அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அக்கா சிரித்துக்கொண்டே, "இல்லிங்க சார், நான் அங்கயே இருக்கறவ. புள்ளைங்க அங்க இருக்குதுங்க" என்றாள். அவர் சொன்னார். அக்காவுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார்.

"என்னிக்கிலேர்ந்து சார் இந்த உத்தரவு?" என்றாள்.

"இது புதுசு இல்லம்மா. ஒண்ணரை வருஷமாச்சு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் காலில் விழுந்தாள். அவர் எழுந்து பின்வாங்கி, "ஐயோ, அதெல்லாம் வேணாம்மா" என்றார். நானும் கெஞ்சினேன், மிஷன் பேரைச் சொன்னேன், அழுதேன். வேலிக்கு அந்தப்பக்கம் கப்பலுக்குப் போகிற ரயிலில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ரூத்து, ரூத்து" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை என்னால் எழுத முடியவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய். பெரம்பலூர்

பள்ளிக்கூடம். பிள்ளைகள் எனக்குப் பயப்படுகிறார்கள், எதற்கெடுத்தாலும் அடித்துவிடுகிறேன். மனுவுக்குப் பதில் வந்துவிட்டது, இரண்டே வரி, இல்லை. உப.விடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்தேன். வாசல் வரை போனேன். அவர் என்னைக் காட்டி யாரிடமோ, "கிருபை மாதிரி நாலு பேர் இருந்தா சபை வளரும்" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன். அரியலூர்

லெந்து நோன்புக் காலம், நாளை மறுநாள் பெரிய வெள்ளி. புழுக்கம். அம்மா கோயிலைப் பெருக்க விளக்குமாறு எடுத்துக்கொண்டு போயிருந்தாள், அவ்வளவு நன்றாக இருக்கிறாள். வீட்டு வேலையெல்லாம் அக்காதான் செய்கிறாள், ஆனால் பேசுவதில்லை. என்னிடம் இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் தேவலை. செருப்பால் அடித்தால் தேவலை.

இன்று காகிதம் பேனா எடுத்து வரச் சொன்னாள். மாமாவுக்குக் கடுதாசி. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான்தான் எழுதவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள், நிறுத்தி நிறுத்தி.

"அம்மா சொகமாயிட்டா. நான் இப்ப வர முடியாதுன்னு சொல்லிட்டாங்க. எப்பன்னு தெரியல. ரூத்துக்குத் தலையில பேன் விழும், பக்கத்து வூட்டு அக்காவ வாரிவிடச் சொல்லுங்க. தானியேல மலைக்கு வேலைக்கு அனுப்பாதீங்க, படிக்கட்டும். புள்ளைங்க கேட்டா அம்மா செத்துட்டான்னு மட்டும் சொல்லிடாதீங்க."

எழுதினேன். இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கு என்றாள்.

"கிருபை மேல கோவப்படாதீங்க. அவளுக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பா."

பேனா நின்றுவிட்டது. அக்கா முகத்தைப் பார்த்தேன். தெரிந்து சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா என்று ஒன்றும் விளங்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"எழுதிட்டியா?" என்றாள்.

எழுதினேன்.

"எல்லாத்தையும் ஒரு தரம் சத்தமாப் படி" என்றாள். அந்த வரியையும் சேர்த்துப் படித்தேன்.