ஆரஞ்சு நிறம்

ஐப்பசி 14, வெள்ளி

காலையில் கழிவறையில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். எனக்குப் பின்னாலேயே அத்தை போனார். ஆரஞ்சு நிறத்தைப் பார்த்திருப்பார்.

என் கர்ப்பப்பையில் டிபி என்றும், அதனால்தான் குழந்தை நிற்கவில்லை என்றும் தஞ்சாவூர் டாக்டர் சொன்னது அத்தையின் மகனான என் கணவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். "அம்மாட்ட சொல்லிடாத" என்று அவர் சொல்லியிருந்தார். மாத்திரையை ஒளித்துத்தான் சாப்பிடுகிறேன்; அதனால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைத்தான் ஒளிக்க முடியவில்லை.

அவர் நடவுக்குப் போனதும் அத்தை இளநீர் சீவிக்கொண்டு வந்தார். உடம்புச் சூடு என்று நினைத்துவிட்டார், தப்பித்தேன் என்று வாங்கிக் குடித்தேன்.

"டிபி மாத்திரையா?" என்றார்.

நிமிர்ந்து அத்தையைப் பார்த்தேன்.

"எனக்கும் இந்தக் கலர்லதான் போச்சு. ஒன் புருஷன் நடக்க ஆரம்பிச்ச சமயம். வயித்துல டிபின்னாங்க. மாத்திரைய விட்டுடாதம்மா. நான் விடாம சாப்ட்டேன், சரியாயிடுச்சு."

"அதுக்கப்பறம் குழந்தை உண்டாகலையா அத்தை?"

அவர் காலி இளநீரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

என் கணவருக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஒரு பிள்ளை போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அத்தைக்காவது முதலில் ஒன்று பிறந்துவிட்டது.